காந்தத்தை உருக்கிப் பார்த்த விஞ்ஞானிகள்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே 2021-ம் ஆண்டு ஒரு காந்தம் செய்தார்கள்.

அது கையில் பிடிக்கும் காந்தம் அல்ல. எடை 10 டன். நாண் ஏற்றிய வில் போன்ற வடிவம். செப்டம்பர் 5-ந் தேதி அதற்குள் 40 ஆயிரம் ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தினார்கள். காந்தத்தின் வலு 20 டெஸ்லாவைத் தொட்டது.

டெஸ்லா என்பது காந்த வலுவை அளக்கும் அளவு. ஆஸ்பத்திரியில் உடம்புக்குள் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரம் இருக்கிறதே, அது பெரும்பாலும் ஒன்றரை டெஸ்லாதான்!

காந்தம் வெற்றி பெற்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு அவர்கள் செய்ததுதான் ஆச்சரியம். சோதனைகளின் கடைசியில், அந்தக் காந்தத்தை வேண்டுமென்றே ஆபத்தில் தள்ளினார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி இணைப்பைத் துண்டித்தார்கள். காந்தத்தின் ஒரு மூலை தீய்ந்து உருகிப் போயிற்று.

அரும்பாடுபட்டுச் செய்த பொருளை யாராவது உருக்கிப் பார்ப்பார்களா? பார்த்தார்கள். காரணம், இந்தக் காந்தங்களுக்கு எமன் மின்சாரம் அல்ல, உஷ்ணம். எமன் எந்த வழியாக வருவான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பினார்கள்.

'உயர் வெப்பம்' என்றால் மைனஸ் 196!

சாதாரணக் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். மின்சாரத்தைக் கம்பி தடுப்பதால் வரும் சூடு அது. இஸ்திரிப் பெட்டிக்கு அது நல்லது. மற்ற இடங்களில் வீண் நஷ்டம்.

1911-ம் ஆண்டு ஹாலந்து நாட்டு விஞ்ஞானி காமர்லிங் ஓன்ஸ் ஒரு அதிசயத்தைக் கண்டார். பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர வைத்தார். அதிலிருந்த மின்தடை திடீரென்று மறைந்தது! குறைந்தது அல்ல, இல்லாமலே போனது. இப்படிப்பட்ட பொருளுக்கு 'மீக்கடத்தி' என்று பெயர்.

மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டுமானால் திரவ ஹீலியம் வேண்டும். ஹீலியம் பூமிக்கடியில் எரிவாயுக் கிணறுகளிலிருந்து கிடைப்பது. விலை அதிகம், தட்டுப்பாடும் அடிக்கடி வரும்.

75 ஆண்டுகள் கழித்து, 1986-ல், சுவிட்சர்லாந்தில் பெட்னோர்ஸ், முல்லர் என்ற இருவர் ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அது உலோகம் அல்ல. பீங்கானைப் போலச் சூளையில் சுட்டு எடுத்த கறுப்புப் பொருள்! மறு ஆண்டே இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1987-ல் அமெரிக்காவில் இட்ரியம், பேரியம், தாமிரம், பிராணவாயு சேர்ந்த கலவை ஒன்று மைனஸ் 180 டிகிரியிலேயே மீக்கடத்தியாக மாறியது.

இது ஏன் பெரிய செய்தி? காற்றிலிருந்து எடுக்கும் திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி. அது மலிவான சரக்கு. ஹீலியம் இல்லாமலே காரியம் நடக்கும் என்று உலகமே துள்ளிக் குதித்தது. இந்தப் புது வகைக்கு 'உயர் வெப்ப மீக்கடத்தி' என்று பெயரும் வைத்தார்கள்.

உயர் வெப்பமாம்! துருவப் பிரதேசத்துப் பனிகூட இதற்குப் பக்கத்தில் அடுப்பு மாதிரி இருக்கும். பழைய வகையோடு ஒப்பிட்டு வைத்த பெயர் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நைட்ரஜன் போதாதா?

மாசசூசெட்ஸ் காந்தத்தில் இந்தப் புது வகைப் பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். 267 கிலோமீட்டர் நீளமுள்ள நாடா! நாடாவில் மீக்கடத்திப் பூச்சின் கனம் தலைமயிரின் கனத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் அதைத் தாங்கும் உலோகம்.

ஆனால் அந்தக் காந்தத்தை மைனஸ் 196 டிகிரியில் வைக்கவில்லை. மைனஸ் 253 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள்.

மலிவான நைட்ரஜனை விட்டுவிட்டு ஏன் இத்தனை குளிர்? மைனஸ் 196-ல் மின்தடை இருக்காது என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் வலுவான காந்தப் புலம் இருந்தால் அந்த உஷ்ணத்தில் நாடா சிறிதளவு மின்சாரத்தைத்தான் சுமக்கும். மைனஸ் 253-ல் அதே நாடா பல மடங்கு சுமக்கிறது.

அப்படியானால் இன்னும் இறங்கி, பழைய வகையைப் போல் மைனஸ் 269-க்கே போய்விடலாமே? இடையில் இருப்பது 16 டிகிரிதானே?

அந்த 16 டிகிரியில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

அண்டா, சொம்பு, ஸ்பூன்

அடுப்பில் ஒரு அண்டாத் தண்ணீரை வையுங்கள். கொதிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். அதே நெருப்பில் ஒரு ஸ்பூன் தண்ணீரை வைத்தால் நொடியில் ஆவியாகிவிடும். நெருப்பு ஒன்றுதான். தாங்கும் சக்தி வேறு.

உலோகத்துக்கும் இப்படி ஒரு தாங்கும் சக்தி உண்டு. ஆனால் ஒரு விசித்திரம். குளிரக் குளிர அந்தச் சக்தி சுருங்கிக்கொண்டே போகும்!

சாதாரண அறை வெப்பத்தில் ஒரு தாமிரக் கட்டியின் தாங்கும் சக்தியை 50 லிட்டர் அண்டா என்று வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 253 டிகிரியில் அதே கட்டி 1 லிட்டர் சொம்பு. மைனஸ் 269-ல்? 12 மில்லி பிடிக்கும் ஒரு சிறிய ஸ்பூன்! அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்கு.

கடுங்குளிரில் அணுக்களின் அசைவு ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. அசைவுதான் உஷ்ணத்தை வாங்கி வைக்கும் பாத்திரம். அசைவு இல்லாவிட்டால் பாத்திரம் இல்லை.

ஆகவே மைனஸ் 269-ல் உள்ள காந்தத்துக்குச் சிறிய அதிர்ச்சியும் ஆகாது. உள்ளே ஒரு கம்பி மயிரிழை நகர்ந்து உராய்ந்தாலும் போதும். அந்த அற்ப உஷ்ணம் ஸ்பூனை நிரப்பிவிடும். அந்த இடம் மீக்கடத்தி என்ற தகுதியை இழக்கும். உடனே அங்கே மின்தடை தோன்றும். தடை தோன்றினால் சூடு. சூடு பக்கத்து இடத்தையும் கெடுக்கும். இதை எஞ்சினீயர்கள் 'குவென்ச்' என்று சொல்கிறார்கள்.

15 வாட் செய்த அட்டகாசம்

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2008-ல் நடந்தது.

ஐரோப்பாவில் ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில் செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையம் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்றைக் கட்டியிருக்கிறது. அணுத் துகள்களை மோதவிட்டு ஆராயும் இடம் அது. அதில் உள்ள ஆயிரக்கணக்கான காந்தங்கள் பழைய வகை மீக்கடத்தியால் ஆனவை. பெரிய காந்தங்களின் குளிர் மைனஸ் 271 டிகிரி.

2008 செப்டம்பர் 10-ந் தேதி உலகமே பார்க்க இயந்திரத்தை ஓடவிட்டார்கள். ஒன்பதே நாளில், 19-ந் தேதி, விபத்து!

இரண்டு காந்தங்களுக்கு இடையே கம்பிகளைச் சேர்த்திருந்த ஒரு பற்றவைப்பு சரியாக அமையவில்லை. அதில் மிக மிக நுண்ணிய ஒரு மின்தடை இருந்தது. சாதாரணக் கருவிகளால் அளக்கவே முடியாத அளவு. ஆனால் அதன் வழியாக ஓடியதோ சுமார் 8,700 ஆம்பியர். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் உண்டான உஷ்ணம் 15 வாட் அளவுதான் வரும். வீட்டில் ஒரு சிறு விளக்கு எரிய ஆகும் அளவு!

கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? இணைப்பு கெட்டது. கம்பி அறுந்து மின்பொறி பாய்ந்தது. ஹீலியம் இருந்த உறை ஓட்டையானது. சுமார் 6 டன் ஹீலியம் சீறிக்கொண்டு வெளியேறியது. டன் கணக்கில் எடையுள்ள காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே தூக்கிப் பழுது பார்க்கவோ மாற்றவோ நேர்ந்தது. இயந்திரம் மறுபடி ஓட 2009 நவம்பர் ஆகிவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மைனஸ் 253-ன் பெருமை விளங்கும். ஸ்பூனுக்குப் பதில் சொம்பு. ஏறக்குறைய 80 மடங்கு தாங்கும் சக்தி. அதோடு இன்னொரு லாபம். பழைய வகை ஒன்றிரண்டு டிகிரி சூடானாலே நிலை தவறும். புது வகைக்குப் பல டிகிரி அவகாசம் உண்டு.

வரமே சாபம்

இங்கேதான் கதை திரும்புகிறது.

பழைய வகையில் ஒரு புள்ளி கெட்டால், அந்தக் கேடு நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பரவும். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. காந்தத்தில் சேர்ந்திருக்கும் சக்தி முழுவதும் நீளமான கம்பியில் பரவிச் செலவாகிறது. எந்த ஓர் இடமும் உருகுவதில்லை. பரவுவதால் காவல் கருவிகளும் உடனே கண்டுபிடித்துவிடும்.

புது வகையில் என்ன ஆகிறது? தாங்கும் சக்தி அதிகம் அல்லவா? பக்கத்து இடம் சுலபமாகக் கெடுவதில்லை. கேடு நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது. சில சமயம் அதுவும் இல்லை. ஆகவே ஒரே புள்ளியில் சூடு ஏறிக்கொண்டே போகிறது. வெளியே தெரிவதற்குள் அந்தப் புள்ளி கருகிவிடும்.

எந்தக் குணம் காந்தத்தைக் காப்பாற்றுகிறதோ, அதே குணம்தான் அதற்குக் கொள்ளியும் வைக்கிறது!

மாசசூசெட்ஸ் காந்தத்துக்குள் சேர்ந்திருந்த சக்தி 11 கோடி ஜூல். வீட்டு மின்சாரக் கணக்கில் சுமார் 30 யூனிட். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த 30 யூனிட்டும் சில நொடிகளில் ஒரே இடத்தில் இறங்கினால், 100 கிலோவுக்கு மேல் தாமிரத்தை உருக்கப் போதும்.

இதற்கு அங்கே ஒரு உபாயம் செய்திருந்தார்கள். சாதாரணமாகக் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே மின்சாரம் தாண்டாதபடி உறை போடுவார்கள். இவர்கள் உறையே போடவில்லை! ஒரு புள்ளி கெட்டால் மின்சாரம் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுற்றில் உள்ள உலோகத்தின் வழியே போய்க்கொள்ளும். சாலையில் பள்ளம் இருந்தால் வண்டி ஓரமாக இறங்கிப் போவதுபோல.

உறை இல்லாத காந்தமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஆகவேதான் அந்தக் கடைசிச் சோதனை. காந்தம் பெரும்பாலும் தப்பியது. ஒரு மூலை மட்டும் கருகியது. கணக்குப் போட்டுப் பார்த்திருந்ததற்கு ஒத்தபடியே அந்தச் சேதம் அமைந்தது. 2024 மார்ச்சில் இந்த விவரங்களை எல்லாம் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். வெற்றியை மட்டும் விளம்பரம் செய்துவிட்டு, கருகிய மூலையை மூடி மறைத்திருக்கலாம். மறைக்காததுதான் இந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை தரும் அம்சம்.

இரண்டு கைச் சுமை

புது வகை மீக்கடத்தி சத்தமில்லாமல் நல்ல வேலை செய்யும் இடம் ஒன்றும் இருக்கிறது. அதே ஜெனீவா வளையத்தில்.

காந்தம் கடுங்குளிரில் இருக்கிறது. மின்சாரமோ வெளியே, சாதாரண அறையிலிருந்து வர வேண்டும். இடையில் ஒரு தாமிரக் கம்பி போட்டால் என்ன ஆகும்?

கம்பிக்குள் எலக்ட்ரான் என்னும் நுண்ணிய துகள்கள் ஓடுகின்றன. அவை இரண்டு கையிலும் சுமை தூக்குபவை. ஒரு கையில் மின்சாரம், மறு கையில் உஷ்ணம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் உஷ்ணத்தையும் நன்றாகக் கடத்தும். ஜெர்மனியில் 1853-லேயே கண்டறிந்த விதி இது. மின்சாரத்தைக் கூப்பிட்டால், கூப்பிடாத விருந்தாளியாக உஷ்ணமும் உள்ளே நுழைந்துவிடும்.

அந்த உஷ்ணத்தை வெளியேற்றும் செலவு கொஞ்சமல்ல. மைனஸ் 269 டிகிரியில் உள்ள ஒரு வாட் உஷ்ணத்தை அப்புறப்படுத்த, வெளியே குளிர்ப்பதன இயந்திரம் சுமார் 250 வாட் மின்சாரம் சாப்பிடும். ஒரு ரூபாய்க் கடனுக்கு 250 ரூபாய் வட்டி!

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிடுகின்றன. ஜோடி சேர்ந்தவை மின்சாரத்தைச் சுமக்கும், உஷ்ணத்தைத் தொடாது. (புது வகையில் அவை எதனால் ஜோடி சேருகின்றன என்பதில் விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. கண்டுபிடித்து நாற்பது ஆண்டு ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது என்று கணக்கிட்டுக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.) பீங்கான் உடம்பில் அணுக்களின் அதிர்வு வழியாகக் கொஞ்சம் உஷ்ணம் கசியத்தான் செய்கிறது. ஆனால் தாமிரத்தோடு பார்த்தால் அது அற்பம்.

ஆகவே செர்ன் நிலையத்தார் கம்பியின் குளிர்ந்த பகுதியில், சுமார் மைனஸ் 223 டிகிரியிலிருந்து கீழே, புது வகை மீக்கடத்தி நாடாவைப் பொருத்தினார்கள். ஒன்றில் 13 ஆயிரம் ஆம்பியர் வரை போகும். இப்படி ஆயிரத்துக்கும் அதிகமான இணைப்புகள். குளிர்ந்த பகுதிக்குள் கசியும் உஷ்ணம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

இதில் ஒரு சுவையான நுணுக்கம். அந்த நாடா வெள்ளி உறைக்குள் இருக்கும். வெள்ளியோ உஷ்ணத்தைக் கடத்துவதில் சூரன். அதை அடக்க என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளியில் கொஞ்சம் தங்கம் கலந்தார்கள்! கலப்படம் ஆனால் உலோகத்தில் உஷ்ணம் தடுமாறும். தட்டான் கடையில் கலப்படம் குற்றம். இங்கே அதுவே மருந்து.

உஷ்ணம் சொன்ன சாட்சி

2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எல்.கே.-99 என்ற பொருள் அறை வெப்பத்திலேயே மீக்கடத்தி என்றார்கள். குளிரே வேண்டாம்! ஒரு துண்டு காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் படம் உலகம் முழுவதும் பரவியது. பங்குச் சந்தையில்கூடப் பரபரப்பு.

சுமார் 104 டிகிரி சூட்டில் அந்தப் பொருளின் மின்தடை சட்டென்று இறங்கியதாகக் காட்டினார்கள். ஆனால் அதில் தாமிரமும் கந்தகமும் சேர்ந்த அசுத்தம் கலந்திருந்தது. அந்த அசுத்தம் அதே சூட்டில் தன் உள் அமைப்பை மாற்றிக்கொள்ளும் குணம் உடையது. இறங்கியது அதன் தடைதான். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் உள்படப் பல இடங்களில் அந்தப் பொருளைச் செய்து பார்த்தார்கள். மீக்கடத்தி இல்லை என்றே முடிவு வந்தது. ஒரு மாதத்துக்குள் பரபரப்பு அடங்கியது.

மிதப்பதைக் கண்டு ஏமாறலாம். உஷ்ணக் கணக்கில் ஏமாற்றுவது கடினம். ஒரு பொருள் முழுவதும் மீக்கடத்தியாக மாறும்போது அதன் உஷ்ணம் தாங்கும் சக்தி அந்த டிகிரியில் ஒரு துள்ளல் காட்டும். மேற்பரப்பில் மட்டும், அல்லது ஒரு மூலையில் மட்டும் மாறினால் அந்தத் துள்ளல் தெரியாது. இனி இப்படிச் செய்தி வரும்போது, 'அந்தத் துள்ளலை அளந்தார்களா?' என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மின்சாரக் கட்டணம் குறையுமா?

நைட்ரஜன் குளிரில் ஓடும் மீக்கடத்திக் கேபிள்கள் சில நகரங்களில் வந்துவிட்டன. 2014-ல் ஜெர்மனியின் எசன் நகரத்தில் ஒரு கிலோமீட்டர் நீளம் போட்டார்கள். 2021 டிசம்பரில் சீனாவின் ஷாங்காய் நகரத்தில் 1.2 கிலோமீட்டர். ஒல்லியான ஒரு கேபிள் பல தடித்த கேபிள்களின் வேலையைச் செய்கிறது. நெருக்கடியான நகரத்தில் சாலையை அகலமாகத் தோண்ட வேண்டியதில்லை. இது பெரிய வசதி.

ஆனால் இதை வைத்துக் கட்டணம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேபிளைச் சுற்றித் தெர்மாஸ் குடுவை போன்ற உறை இருக்கிறது. எவ்வளவு நல்ல குடுவையிலும் சூடு மெல்ல மெல்ல உள்ளே நுழையும். நடுராத்திரியில் ஊரே தூங்கும்போதும் நுழையும். மின்சாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குளிர்ப்பதன இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் குளிரில் ஒரு வாட் உஷ்ணத்தை அகற்ற 10 முதல் 20 வாட் ஆகும். ஹீலியத்தை விட எத்தனையோ மேல். என்றாலும் இரவும் பகலும் நிறைய மின்சாரம் ஓடும் இடத்தில்தான் கட்டுப்படியாகும். கிராமத்து மின்கம்பத்துக்கு இது வராது.

பெரிய லாபம் வரக்கூடிய இடம் வேறு. சூரியனுக்குள் அணுக்கள் இணைந்து சக்தி தருவதுபோலப் பூமியிலும் இணைய வைக்கும் முயற்சி அது. பல கோடி டிகிரி சூடான வாயுவை எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தப் புலத்தால் அந்தரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் கோடி டிகிரி. சில அடி தள்ளி மைனஸ் 253 டிகிரி!

எம்.ஐ.டி.யுடன் சேர்ந்து அந்தக் காந்தத்தைச் செய்த காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி, மாசசூசெட்ஸில் டெவன்ஸ் என்ற ஊரில் 'ஸ்பார்க்' என்ற இயந்திரத்தை நிறுவும் வேலையில் இறங்கியது. அதற்கு அதே வில் வடிவக் காந்தங்கள் 18 வேண்டும். உருகிய மூலையிலிருந்து கற்றவற்றை வைத்து, அந்தப் பதினெட்டிலும் உஷ்ணம் ஒரே இடத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்குள்ள எஞ்சினீயர்களின் முதல் கவலை.